உயிரின் மூலம் தேடிய லூயி பாஸ்டர்

இரவிலே காய்ச்சிய பாலில் சிறிது உறைமோர் இட்டு வைத்தால், விடியற்காலையில் அது தயிராகத் தோய்ந்திருப்பதைக் காண்கிறோம். கோடை மழையில் நீர் தேங்கிய குட்டையில் சில நாட்களுக்குள் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளிவதையும் பார்க்கிறோம். முன்னர் இல்லாத அவ்வுயிர்கள் எங்கிருந்து வந்தன? தாயும் தந்தையுமின்றிச் சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் தாமே தோன்றினவா? அன்றித் தம் இனத்து உயிர்களினின்றே பிறந்தனவா? கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இவ்வினா, அறிஞர் பலரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மயங்க வைத்தது. அம்மயக்கத்தைத் தம் செயல்முறைச் சோதனைகளால் தெளிவித்தவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆவர். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிரெஞ்சு நாட்டின் கீழ்ப்பகுதியில், சூரா மலையை அடுத்த டோல் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தையார் நெப்போலியனுடைய படையில் பணிபுரிந்து மீண்டபின் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். செல்வம் மிக்க குடும்பமன்று. ஆயினும் மகன் கல்வியில் உயர வேண்டும் என்னும் வேட்கை அம்மனையில் நிறைந்திருந்தது. பாஸ்டர் சிறுவராய் இருந்தபோதே அக்குடும்பம் ஆர்புவா என்னும் ஊரில் குடியேறியது.

இளமையில் பாஸ்டர் பள்ளியிற் சிறந்து விளங்கினார் என்று சொல்லுதற்கில்லை. ஓவியம் வரைதலிலேதான் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது. அவர் வண்ணக்கோலால் தீட்டிய பெற்றோர் உருவங்கள் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன. உருவத்தின் வலப்புறத்தையும் இடப்புறத்தையும் நுணுகி நோக்கும் அப்பழக்கமே பின்னர் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

பதினைந்தாம் வயதில் அவரைப் பாரிசு மாநகருக்குப் படிக்க அனுப்பினர். ஆனால், அவரோ வீட்டு நினைவால் ஏங்கி வாடினார். சில வாரங்களுக்குள் தந்தையாரே சென்று அவரைத் திருப்பி அழைத்து வந்தார். முதல் முயற்சியில் இவ்வாறு தோல்வியுற்ற இளைஞர் மனந்தளரவில்லை. அருகிலுள்ள பெசான்சோன் நகரில் கற்றுத் தேறினார். பின்னர்ப் பாரிசில் புகழ்பெற்ற உயர்நிலை ஆசிரியர் கல்லூரிக்குரிய தேர்வு எழுதினார். தேர்ச்சி பெற்றும், பெற்ற இடம் தாழ்ந்தது என்று கருதி அவ்வாண்டு அதிற் சேராது, மீண்டும் ஓராண்டு உழைத்து எழுதி, உயர்ந்த இடம் பெற்று, 1843ஆம் ஆண்டில் சேர்ந்தார்.

படிகங்கள் காட்டிய உண்மை

உயிருள்ள பொருள் எது, உயிரற்ற பொருள் எது என்று பிரித்தறிதல் எளிது என்று நாம் நினைக்கிறோம். உண்பதும் வளர்வதும் தன்னைப் போன்ற மற்றொன்றைத் தோற்றுவிப்பதும் உயிரின் இயல்பு என்போம். ஆனால், நெருப்பும் விறகை உண்கிறது, வளர்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றாய்ப் பரவுகிறது. கற்கண்டுப் பாகில் தொங்கவிட்ட நூலிலே படிகங்கள் நாள்தோறும் பெருகுகின்றன. இவற்றை உயிர்கள் என்று எவரும் கூறார். அங்ஙனமாயின் உயிருக்கே உரிய அடையாளம் யாது? இவ்வினாவின் ஒரு பகுதிக்குப் பாஸ்டர் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே விடை கண்டார்.

திராட்சை மது ஊறும் மரப்பீப்பாய்களின் உட்புறத்தில் உப்புப் படிவு ஒன்று தங்குவதுண்டு. அதிலிருந்து டார்டாரிக் அமிலம் கிடைக்கிறது. அதன் கரைசலின் ஊடே, ஒரே தளத்தில் அதிரும்படி செய்த ஒளியைச் செலுத்தினால், அவ்வொளியின் தளம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. இதே கூட்டுப்பொருள்களையுடைய மற்றோர் அமிலமோ ஒளியைச் சிறிதும் திருப்புவதில்லை. ஒரே பொருள்களால் ஆன இரண்டும் வெவ்வேறாக நடந்துகொள்வது ஏன் என்பது அக்கால வேதியியலார்க்குப் புதிராய் இருந்தது.

1848ஆம் ஆண்டில் பாஸ்டர் ஒளியைத் திருப்பாத அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி, ஒவ்வொரு படிகத்தையும் நுணுகி ஆராய்ந்தார். சிலவற்றின் சிறுமுகங்கள் வலப்புறம் சாய்ந்திருந்தன. சிலவற்றின் சிறுமுகங்கள் இடப்புறம் சாய்ந்திருந்தன. நம் வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவமாய் விளங்கியது. அவற்றைப் பொறுமையோடு கையாலேயே வேறு வேறாகப் பிரித்துக் கரைத்தார். ஒருவகைக் கரைசல் ஒளியை வலமாகத் திருப்பியது. மற்றது அதே அளவு இடமாகத் திருப்பியது. இரண்டும் சமமாகக் கலந்திருந்தமையால் ஒன்றன் செயலை மற்றொன்று அழித்தது என்பது விளங்கிற்று. பியோ என்னும் முதுபெரும் அறிஞர் இதனை நம்பாது, தம் கண்முன்னே மீண்டும் செய்து காட்டுமாறு பணித்தார். பாஸ்டர் அவ்வாறே செய்து காட்டினார். முதியவர் உள்ளம் உருகி அவ்விளைஞரைப் பாராட்டினார்.

சில ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டர் மற்றொரு வியப்பைக் கண்டார். இருவகையும் கலந்த கரைசலில் நுண்ணுயிரை வளரவிட்டபோது, அது ஒரு வகையை மட்டும் உண்டு, மற்றதை எஞ்ச விட்டது. உயிரற்ற இயற்கை வலமும் இடமும் சமமாகப் படைக்க, உயிரோ ஒன்றைத் தெரிந்து கொள்கிறது! இதுவே உயிரின் சிறந்த அடையாளங்களுள் ஒன்று என்று பாஸ்டர் கருதினார். அவர் கருதியது பெரிதும் பொருந்துவதை இற்றை அறிவியல் காட்டியுள்ளது. நம் உடலின் புரதங்கள் யாவும் பெரும்பாலும் இடக்கை வகையைச் சேர்ந்த அமினோ அமிலங்களாலேயே ஆனவை.

நொதித்தலின் காரணம்

1854ஆம் ஆண்டில் பாஸ்டர் லில் நகரத்து அறிவியற் புலத்தின் தலைவரானார். அந்நகரில் பீட்டுக் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் தொழில் மிகுதி. நொதிக்கும்போது சாறு சில வேளைகளில் கெட்டுப் புளித்துப் போவதால் இழப்புற்ற ஒருவர் அவருடைய உதவியை நாடினார். பாஸ்டர் நுண்பெருக்கிக் கண்ணாடியோடு அத்தொழிற்சாலைக்குச் சென்றார். நன்கு நொதித்த சாற்றில் உருண்டை வடிவான ஈஸ்ட் உயிர்கள் இருந்தன. கெட்ட சாற்றிலோ கோல் போன்ற வேறு சிற்றுயிர்கள் நெளிந்தன. பால் திரிதலும், சாறு நொதித்தலும், மது புளித்தலும் வெறும் வேதியியல் மாற்றங்கள் அல்ல, உயிர்களின் செயல்களே என்னும் முடிவிற்கு அவர் வந்தார்.

அங்ஙனமாயின் அவ்வுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? பழைய வினா புதிய வடிவோடு எழுந்தது.

பழங்கொள்கையும் புதுப்போரும்

சேற்றினின்றும் பனித்துளியினின்றும் சிற்றுயிர்கள் தாமே தோன்றும் என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கற்பித்தார். அழுக்கேறிய துணியையும் கோதுமையையும் ஒரு பானையில் இட்டு வைத்தால் மூன்று வாரங்களில் எலிகள் பிறக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் எழுதி வைத்தார். 1668ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ரெடி, துணியால் மூடிய கலத்து இறைச்சியில் புழு தோன்றாமையைக் காட்டி, ஈயின் முட்டையினின்றே புழு வருகிறது என்று மெய்ப்பித்தார். அதனால் எலியும் புழுவும் தாமே தோன்றும் என்னும் நம்பிக்கை தளர்ந்தது. ஆனால், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. கொதிக்க வைத்து மூடிய சாற்றில் உயிர் தோன்றாது என்று ஒருவர் காட்டினால், கொதிக்க வைத்ததனால் காற்றின் உயிராற்றல் அழிந்தது, ஆதலின் தோன்றவில்லை என்று மற்றவர் மறுப்பர்.

1858ஆம் ஆண்டில் ரூவான் நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவரான பூஷே என்பவர், உயிர் தானே தோன்றுவதைத் தாம் கண்டதாக அறிவித்தார். இவ்வினாவைத் தெளிவிப்போர்க்குப் பரிசு அளிப்பதாகப் பிரெஞ்சு அறிவியற் கழகம் 1860ஆம் ஆண்டில் அறிவித்தது. இஃது ஆழங்காண இயலாத வாதம், இதிற் புகுதல் வேண்டா என்று நண்பர்கள் தடுத்தும் பாஸ்டர் துணிந்து புகுந்தார்.

இது வெறுஞ்சொற்போர் அன்று. 1859ஆம் ஆண்டில் பாஸ்டரின் மூத்த மகள் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலால் ஒன்பதாம் வயதில் இறந்தாள். அந்நோய் எதனால் வருகிறது என்பதை அன்று ஒருவரும் அறியார். நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் உடலினுள்ளே தாமே தோன்றுமாயின் அவற்றைத் தடுக்க வழியில்லை. வெளியிலிருந்து அவை புகுமாயின், வாயிலை அடைத்துத் தடுக்கலாம். இவ்விரண்டனுள் எது உண்மை என்பதில் எத்தனையோ குழந்தைகளின் வாழ்வு அடங்கியிருந்தது.

அன்னக் கழுத்துக் குடுவை

பாஸ்டர் கண்ணாடிக் குடுவைகளில் நுண்ணுயிர்கள் நன்கு தழைத்தற்கேற்ற சாற்றை ஊற்றினார். குடுவையின் கழுத்தைத் தீயிற் காட்டி இளக்கி, அன்னப்பறவையின் கழுத்தைப் போல நீண்டு வளையுமாறு இழுத்தார். அதன் முனையை மூடவில்லை. பின்னர்ச் சாற்றைக் கொதிக்க வைத்து ஆறவிட்டார். திறந்த முனை வழியே காற்று தடையின்றி உள்ளே சென்றது. ஆனால், காற்றோடு வந்த தூசி வளைவிலே படிந்து தங்கிவிட்டது. நாட்கள் கடந்தன; திங்கள்கள் கடந்தன; சாறு தெளிவாகவே இருந்தது. காற்றின் உயிராற்றல் அழிந்தது என்று இனி யார் சொல்ல இயலும்? காற்று உள்ளேதான் இருந்தது! கழுத்தை ஒடித்து எறிந்தாலோ, சாறு வளைவிலுள்ள தூசியைத் தொடுமாறு குடுவையைச் சாய்த்தாலோ, சில நாட்களில் சாறு கலங்கி நுண்ணுயிர்கள் மல்கின. உயிரின் வித்துத் தூசியில் இருந்ததேயன்றிச் சாற்றிலே தானே பிறக்கவில்லை என்பது கண்கூடாயிற்று.

தூசி மிக்க இடத்தில் வித்து மிகுதியாகவும், தூய காற்றில் குறைவாகவும் இருத்தல் வேண்டுமன்றோ? அதனையும் ஆராய விரும்பிய பாஸ்டர், காற்றை அகற்றி மூடிய குடுவைகளுடன் 1860ஆம் ஆண்டில் பயணம் புறப்பட்டார். ஆர்புவாவிற்கு அண்மையில் மலையடிவாரத்தில் 20 குடுவைகளைத் திறந்து காற்றுப் புகுந்தபின் மீண்டும் மூடினார். அவற்றுள் 8 கெட்டன. சூரா மலைமேல் 850 மீட்டர் உயரத்தில் திறந்த 20 குடுவைகளுள் 5 கெட்டன. ஆல்ப்சு மலையில் 2000 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் அருகே திறந்த 20 குடுவைகளுள் ஒன்றே கெட்டது. 1862ஆம் ஆண்டில் கழகத்தின் பரிசு பாஸ்டருக்குக் கிடைத்தது. 1864ஆம் ஆண்டில் பாரிசின் சார்போன் மண்டபத்தில் பெருங்கூட்டத்தின் முன் அவர் தம் குடுவைகளைக் காட்டி வெற்றி முழக்கம் செய்தார்.

தோற்றவரும் பொய்யர் அல்லர்

இவ்வரலாற்றில் நாம் மறத்தற்கரிய மற்றொரு செய்தியும் உண்டு. பூஷேயும் அவர் நண்பரும் 1863ஆம் ஆண்டில் பிரனீசு மலையின் பனிமுகட்டில் ஏறி, காய்ந்த புல்லை ஊறவைத்துக் காய்ச்சிய சாற்றைக் கொண்டு இதே சோதனையைச் செய்தனர். அவர்தம் குடுவைகள் யாவற்றிலும் உயிர் தோன்றியது! பின்னர் அறிவியற் கழகம் அமைத்த குழுவின் முன் சோதனை செய்யாது அவர்கள் விலகிக்கொண்டமையால் தோற்றவர் ஆயினர். ஆனால், அவர்கள் கூறியது பொய்யன்று. காய்ந்த புல்லில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் சாகாதவை என்பதைச் செருமானிய அறிஞர் கோனும் ஆங்கில நாட்டில் வாழ்ந்த டிண்டாலும் 1876, 1877ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தனர். பாஸ்டர் அந்நாளில் ஆண்ட சாறு புற்சாறு அன்று. ஆதலின் இவ்விடர்ப்பாடு அவருக்கு எதிர்ப்படவில்லை. பூஷே கண்டது உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணமே பிழை. ஒரு செய்தியைக் கண்ணாற் காண்பது வேறு. அதன் காரணத்தை உணர்வது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அறிவு அறமாய் மலர்தல்

தாம் கண்ட உண்மையைப் பாஸ்டர் மக்கட்குப் பயன்படுமாறு செய்தார். மதுவைக் கொதிநிலைக்குக் கீழே அளவாகச் சூடேற்றினால் அதனைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மடியும் என்று காட்டினார். அம்முறை இன்று பாலைக் காக்கவும் பயன்படுகிறது. அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆங்கில மருத்துவர் லிஸ்டர், பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்துணர்ந்து, 1865ஆம் ஆண்டு முதல் கார்பாலிக் அமிலத்தால் புண்களைத் தூய்மை செய்து, அறுவை செய்யப்பெற்றோர் பலரைச் சாவினின்றும் காத்தார்.

அதே காலத்தில் பாஸ்டரின் இல்லத்தைத் துன்பம் மேலும் தாக்கியது. 1865ஆம் ஆண்டில் தந்தையாரும் இரண்டு வயது மகளும் இறந்தனர். மறு ஆண்டில் மற்றொரு மகளும் டைபாய்டுக் காய்ச்சலுக்கே இரையானாள். 1868ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கி அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு அகவை 45. படுக்கையிற் கிடந்தவாறே பட்டுப்புழு நோயைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகளைச் சொல்லி எழுதுவித்தார். அவருடைய பெரும்பணிகள் பல அதன் பின்னரே நிகழ்ந்தன.

1881ஆம் ஆண்டில், ஆடுமாடுகளை வாட்டும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசியைப் பலர் அறியச் சோதித்தார். ஊசி பெறாத செம்மறியாடுகள் யாவும் மாண்டன. பெற்றவையோ நலமாய் நின்றன. 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், வெறிநாய் பல இடங்களிற் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் பாஸ்டரிடம் அழைத்து வந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்லர். அவர் நாய்களிடம் சோதித்த மருந்து மனிதர்க்கு ஏற்குமா என்பதும் தெளிவாகவில்லை. ஊசி இட்டால் என்ன நேருமோ! இடாவிடில் சிறுவன் பெரும்பாலும் இறப்பான். பெரிதும் கலங்கியபின் மருத்துவர் ஒருவரைக் கொண்டு பதின்மூன்று முறை ஊசியிடச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

இச்செய்தி பரவவே, உலகெங்கணுமிருந்து பொருள் குவிந்தது. 1888ஆம் ஆண்டில் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. அதனைப் பின்பற்றி நம் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907ஆம் ஆண்டில் ஒரு பாஸ்டர் நிலையம் எழுந்தது. அங்கே வெறிநாய்க்கடிக்குரிய மருந்து ஆக்கப்பட்டு எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. பாஸ்டர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பாரிசுக்கு அண்மையில் இயற்கை எய்தினார்.

எஞ்சி நிற்கும் வினா

வெறிநாய்க்கடி நோயின் கிருமியைப் பாஸ்டர் தம் நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஒருநாளும் கண்டாரல்லர். அது வைரசு, மிக மிகச் சிறியது. வேறோர் உயிரணுவினுள் புகுந்தாலன்றி அது பெருகாது; வெளியே உயிரற்றது போலக் கிடக்கும். 1935ஆம் ஆண்டில் ஸ்டான்லி என்னும் அமெரிக்க அறிஞர், புகையிலைச் செடிக்கு நோய் தரும் வைரசை உப்பைப் போலவே படிகமாக்கிக் காட்டினார். உயிருக்கும் உயிரின்மைக்கும் இடையே நாம் கிழிக்கும் கோடு அத்துணைத் தெளிவானதன்று என்பது இதனாற் புலனாகும்.

உயிர் உயிரினின்றே தோன்றும் என்றால், முதல் உயிர் எதனின்று தோன்றியது? பாஸ்டரின் குடுவைகள் இதற்கு விடை கூறவில்லை. அவை இன்றைய காற்றையும், சில நாட்களையும், சிறிது சாற்றையுமே சோதித்தன. நம் நிலவுலகம் தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்தமைக்குரிய சுவடுகள் ஆஸ்திரேலியப் பாறைகளில் உள்ளன. அன்றைய காற்றில் உயிர்வளி ஏறத்தாழ இல்லை. அத்தகைய சூழலில் எளிய பொருள்கள் சேர்ந்து உயிர்க்குரிய பொருள்கள் உருவாகியிருக்கலாம் என்று ரஷிய அறிஞர் ஓபாரின் 1924ஆம் ஆண்டிலும், ஆங்கில அறிஞர் ஹால்டேன் 1929ஆம் ஆண்டிலும் கருதினர். 1953ஆம் ஆண்டில் மில்லர் என்னும் அமெரிக்க இளைஞர், நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலைப் போன்ற மின்பொறியைச் சில நாட்கள் பாய்ச்சினார். நீரில் அமினோ அமிலங்கள் தோன்றின.

ஆயினும், அங்கே தோன்றியவை வலக்கை வகையும் இடக்கை வகையும் சமமாகக் கலந்தவை. உயிரோ ஒன்றையே தெரிந்து கொள்கிறது. அத்தெரிவு எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது? அமினோ அமிலத்திற்கும் உயிரணுவிற்கும் இடையே உள்ள நெடுந்தொலைவு எங்ஙனம் கடக்கப்பட்டது? இவை இன்றும் விடை காணப்பெறாத வினாக்கள். இருபத்தைந்து வயது இளைஞர் படிகங்களைக் கையாற் பொறுக்கியபோது தொட்ட அதே முடிச்சினை இன்றைய அறிஞர் இன்னும் அவிழ்த்துக்கொண்டிருக்கின்றனர்.

மேடையில் வெற்றி முழக்கம் செய்த பாஸ்டர், பிற்காலத்தில் தம் தனிக் குறிப்பில், உயிர் தானே தோன்றுவதை நெடுநாள் தேடியும் காணவில்லை என்றும், ஆயினும் அது நிகழவே இயலாதது என்று தாம் துணியவில்லை என்றும் எழுதி வைத்தார். சோதித்த அளவே முடிவு கூறுதலும், சோதியாததைப் பற்றி வாயிலைத் திறந்து வைத்தலும் அறிவுடையார் இயல்பு. மாணவர்களே! பாஸ்டர் மூடிச் சென்ற குடுவைகள் பல. ஆனால், அவர் திறந்து வைத்துச் சென்ற வாயில் ஒன்று உண்டு. அதனுள்ளே நுழைந்து முதல் உயிரின் மூலத்தைக் காண்பவர் உங்களுள் ஒருவராகவும் இருத்தல் கூடும்.